கோச்சுஜாங் சால்மன்: கருகாமல், சோற்றோடு சேரும்படி செய்வது எப்படி?

ஸ்காபரோ_அடுப்படி எழுதியது:

வணக்கம். என் மகளுக்கு 14 வயது. போன மாதம் ஒரு சிநேகிதியின் வீட்டில் கொரிய முறையில் செய்த சால்மனும் சோறும் சாப்பிட்டு வந்தாள். அன்றிலிருந்து அதையே கேட்கிறாள். நான் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவள். எங்களுக்குச் செமன் என்றால் டின்னில் வரும் மீன்தான். தோலோடு இருக்கும் இந்தச் செம்மஞ்சள் துண்டைச் சமைக்க இங்கே கனடாவுக்கு வந்துதான் பழகுகிறேன்.

இரண்டு முறை செய்து பார்த்தேன். முதல் முறை யங் வீதியில் ஃபின்ச் பக்கம் உள்ள கொரியக் கடையில் கோச்சுஜாங் என்ற மிளகாய் விழுது வாங்கி, சோயா சோஸ், தேன், உள்ளி சேர்த்துக் குழைத்து, மீனில் தடிப்பாகப் பூசி, ஓவனில் 425 பாகை பாரன்ஹீட்டில் 18 நிமிடம் வைத்தேன். மேல்பக்கம் தார் மாதிரிக் கறுத்துக் கசந்தது. மீன் வறண்டு, ஓரங்களில் வெள்ளையாக ஏதோ திரண்டு வெளியே வந்திருந்தது. இரண்டாம் முறை சட்டியில் நல்லெண்ணெய் விட்டுப் பொரித்தேன். கடையில் இருந்ததும் எள்ளெண்ணெய், என்னிடம் இருப்பதும் எள்ளெண்ணெய்தானே என்று நினைத்தேன். மகள் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "நல்லா இருக்கு, ஆனா அந்த மணம் இல்லை அம்மா" என்றாள். சோறு பாஸ்மதி. அது தனித்தனியாக உதிர்ந்தது, குழம்பு எல்லாம் கிண்ணத்தின் அடியில் போய் நின்றது.

மசாலாவை எப்போது போடுவது? எந்த அரிசி? மகனுக்கு 6 வயது, காரம் தொடமாட்டான், அவனுக்கு என்ன செய்யலாம்? பச்சை சால்மனைச் சோயாவில் ஊறவைத்துச் சோற்றில் வைத்துச் சாப்பிடுகிறார்களே, அதை வீட்டில் செய்யலாமா?

தேஜான்_மல்லிகை எழுதியது:

சகோதரி, மகள் சொன்ன அந்த மணம் என்ன என்று எனக்குத் தெரியும். 11 வருடமாகக் கொரியாவில், தேஜானில் இருக்கிறேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நம் நல்லெண்ணெய் வறுக்காத எள்ளை ஆட்டி எடுப்பது. இங்கே சாம்கிரும் என்று சொல்வது எள்ளைச் சிவக்க வறுத்துவிட்டுப் பிழிவது. பழுப்பு நிறமாக, எள்ளுருண்டைக்கு எள் வறுக்கும்போது வீடு முழுக்க வருமே, அந்த வாசனையோடு இருக்கும். அதில் பொரிக்கக் கூடாது, வாசனை போய்விடும். அடுப்பை அணைத்த பிறகு ஒரு தேக்கரண்டி, நாம் பருப்புச் சோற்றில் நெய் விடுகிற மாதிரி. கிடைக்காவிட்டால் ஒரு மேசைக்கரண்டி வெள்ளை எள்ளை வறுத்து, பொடித்து, உங்கள் நல்லெண்ணெயில் கலந்து விடுங்கள். ஓரளவு பக்கத்தில் வரும்.

அடுத்து கருகல். கோச்சுஜாங் வெறும் மிளகாய் விழுது இல்லை. மிளகாய்த்தூளோடு ஒட்டும் அரிசி மாவு, புளிக்கவைத்த சோயா உருண்டையின் பொடி, முளைவிட்ட வாற்கோதுமை, உப்பு எல்லாம் சேர்ந்து மாதக்கணக்கில் ஊறுவது. கடையில் வாங்குவதில் பெரும்பாலும் சர்க்கரைப் பாகும் இருக்கும். மாவும் இனிப்பும் உள்ள பூச்சு அந்தச் சூட்டில் 18 நிமிடம் தாங்காது. அதனால் மீன் முக்கால்வாசி வெந்த பிறகுதான் மசாலா. வெள்ளையாகத் திரண்டது மீனின் புரதம். கெடுதல் இல்லை, ஆனால் அது நிறைய வந்தால் சூடு கூடிவிட்டது என்று அர்த்தம்.

எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது எங்கள் கீழ்வீட்டுப் பாட்டி. என் சமையலறைக்கே வந்து, கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றார். அவர் எதற்கும் நிமிடம் சொல்லவே இல்லை. "மீனின் பக்கவாட்டைப் பார்" என்று மட்டும் சொன்னார். அதை அப்படியே எழுதுகிறேன்.

400 கிராம் சால்மன், இரண்டு துண்டு. லேசாக உப்புத் தடவி 15 நிமிடம் வையுங்கள். தண்ணீர் விடும், அதைத் தாளால் ஒற்றி எடுங்கள். தாளில் ஈரம் படுவது நிற்கும்வரை ஒற்ற வேண்டும், தோல் பக்கம் முக்கியம். தட்டைச் சட்டியில் ஒரு தேக்கரண்டி சூரியகாந்தி எண்ணெய், நடுத்தரத் தீ, தோல் அடியில் இருக்கும்படி மீன். தோல் சுருங்கி வளையப் பார்க்கும், முதல் அரை நிமிடம் தோசைத்திருப்பியால் அழுத்திப் பிடியுங்கள். பிறகு தொடவே வேண்டாம். பக்கவாட்டில் அடியிலிருந்து செம்மஞ்சள் நிறம் வெளிறி, ஒரு கோடு மெல்ல மேலே ஏறுவது தெரியும். அந்தக் கோடு மூன்றில் இரண்டு பங்கு ஏறியதும் திருப்புங்கள். ஒரு அங்குலத் தடிமனுக்கு எனக்கு ஆறேழு நிமிடம் ஆகும்.

திருப்பியதும் சட்டியில் உள்ள எண்ணெயை வடித்துவிட்டு, தயாராகக் கலந்து வைத்த மசாலாவை மீனைச் சுற்றி ஊற்றுங்கள். கோச்சுஜாங், சோயா, தேன் ஒவ்வொன்றும் ஒரு மேசைக்கரண்டி, அரிசி வினிகர் ஒரு தேக்கரண்டி, இரண்டு பல் பூண்டு, தண்ணீர் மூன்று மேசைக்கரண்டி. தண்ணீரை விட்டுவிடாதீர்கள். தீயைக் குறையுங்கள். முதலில் பொடிப் பொடியாக நுரைக்கும். பிறகு குமிழ்கள் பெரிதாகி, சோம்பலாக வெடிக்கத் தொடங்கும். அதுதான் பதம், ஒன்றிரண்டு நிமிடத்தில் வந்துவிடும். தோல் மேலே இருப்பதால் மொறுமொறுப்புப் போகாது, சதைப்பக்கம் மசாலாவைக் குடித்துக்கொள்ளும். வெப்பமானி இருந்தால் நடுவில் 63 பாகை செல்சியஸ் காட்டினால் போதும்.

பையனுக்கு கோச்சுஜாங் இல்லாமல் சோயா, தேன், பூண்டு, தண்ணீர். அவன் துண்டை முதலில் முடித்து எடுத்துவிட்டு, அதே சட்டியில் உங்களுடையதைச் செய்யலாம். சோயாவில் ஒரு எச்சரிக்கை: குக்கான்ஜாங் என்பது சூப்புக்கானது, உப்பு மிகவும் அதிகம். யாங்ஜோகான்ஜாங் அல்லது ஜின்கான்ஜாங் என்று கேட்டு வாங்குங்கள்.

அரிசிதான் இதில் பாதி. குட்டை அரிசியே வேண்டும். மூன்று நான்கு தண்ணீரில் அலசி, அரை மணி ஊறவைத்து, வடித்துவிட்டு, ஒரு கப் அரிசிக்கு ஒரு கப்புக்குச் சற்றே மேல் தண்ணீர். கொதித்ததும் மூடி, சிறு தீயில் 12 நிமிடம், அணைத்துவிட்டு 10 நிமிடம் மூடியைத் திறக்காமல் வையுங்கள். இந்தக் கடைசிப் பத்து நிமிடத்துக்கு இவர்கள் தும் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம் தம் போலவே காதில் விழும், வேலையும் அதேதான். கனமான பாத்திரமாக இருந்தால் அடியில் பொன்னிறமாகப் பிடிக்கும். அந்த அடிச்சோற்றை எறியாதீர்கள். கொதிக்கும் தண்ணீர் ஊற்றி வைத்தால் சாப்பாட்டுக்குப் பிறகு குடிக்கலாம். சுங்ன்யுங் என்பார்கள்.

கடையில் கேன்னிப் இலை இருந்தால் ஒரு கட்டு வாங்குங்கள். சிலர் எள் இலை என்று எழுதியிருப்பார்கள், அது எள் இல்லை, பெரில்லா. உள்ளங்கையில் இலையை வைத்து, ஒரு வாய்ச் சோறு, ஒரு துண்டு மீன், கொஞ்சம் கிம்ச்சி வைத்து மடித்து ஒரே வாயில் சாப்பிட வேண்டும். உங்கள் மகளுக்கு நிச்சயம் பிடிக்கும்.

வேளச்சேரி_ரசம் எழுதியது:

அக்கா, சென்னையில் மீன் ஆப்பில் இந்தியன் சால்மன் என்று வருகிறதே, அதில் இதைச் செய்யலாமா?

தேஜான்_மல்லிகை எழுதியது:

அது நம் காலா மீன் தம்பி, சால்மன் குடும்பமே இல்லை. ஆனால் நல்ல மீன், இந்த மசாலா தாராளமாகப் பிடிக்கும். சால்மன் அளவுக்குக் கொழுப்பு கிடையாது, அதனால் சீக்கிரம் வறளும். துண்டு மெல்லிதாக இருந்தால் நேரத்தைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள். நிறம் மாறும் கோடும் இதில் தெரியாது. கத்தி நுனியால் லேசாகப் பிரித்துப் பாருங்கள், சதை இதழிதழாகப் பிரிந்தால் எடுத்துவிடலாம். பச்சையாகச் சாப்பிட மட்டும் வேண்டாம்.

ஒஸ்லோ_கடலோடி எழுதியது:

தங்கச்சி, பச்சை சால்மன் பற்றி நான் சொல்கிறேன். நோர்வேயில் மீன் பதப்படுத்தும் இடத்தில் பல வருடம் வேலை செய்தவன்.

பயப்பட வேண்டியது அனிசாகிஸ் என்ற புழுவுக்கு. கடலில் பிடிக்கும் சால்மன் சிறு மீன்களைத் தின்று வளர்வதால் அதில் இது இருக்க வாய்ப்பு அதிகம். பண்ணை சால்மன் தீனி உருண்டை தின்று வளர்வதால் ஆபத்து மிகக் குறைவு. ஐரோப்பிய விதிப்படி பச்சையாக உண்ணும் கடல் மீனை -20 பாகை செல்சியஸில் 24 மணி நேரமாவது உறையவைக்க வேண்டும், பண்ணை சால்மனுக்கு அதில் விலக்கு உண்டு. அமெரிக்காவில் -20இல் 7 நாள் என்று சொல்கிறார்கள். வீட்டு ஃப்ரீசர் பொதுவாக -18தான், கதவைத் திறந்து மூட இன்னும் ஏறும், அதை நம்பாதீர்கள். உங்கள் பக்கம் கிடைக்கும் கருஞ்சிவப்பு சொக்காய் சால்மன் கடலில் பிடிப்பது, உறையவைக்காமல் பச்சையாக வேண்டவே வேண்டாம். மீன்கடைக்காரரிடம் பச்சையாகச் சாப்பிட என்று வாய்விட்டுக் கேட்டே வாங்குங்கள். குளிர் புழுவைத்தான் கொல்லும், கிருமியைக் கொல்லாது. கர்ப்பிணிகள், சின்னப் பிள்ளைகள், வயதானவர்களுக்குக் கொடுக்காதீர்கள்.

தேஜான்_மல்லிகை எழுதியது:

அண்ணா சொன்னதை அப்படியே கேளுங்கள். மீன் சரியாகக் கிடைத்தால் அந்த ஊறவைப்பதன் பெயர் யனஜாங். சோயா ஒரு கப், தண்ணீர் ஒரு கப், மிரின் என்ற இனிப்பான சமையல் அரிசி மது அரை கப், சர்க்கரை இரண்டு மேசைக்கரண்டி, ஒரு துண்டு கெல்ப் கடற்பாசி, எல்லாம் ஒரு கொதி. முழுக்க ஆறி, ஃப்ரிட்ஜில் குளிர்ந்த பிறகே மீன் துண்டுகள், வெங்காயம், பச்சைமிளகாய், எலுமிச்சை வில்லை மேல் ஊற்றுங்கள். வெதுவெதுப்பாக ஊற்றினால் மீன் வெளிறிவிடும். ஒரு இரவு ஃப்ரிட்ஜில் வைத்து, இரண்டு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். சோயாவில் ஊறிய நண்டுக்கு இங்கே சோற்றுத் திருடன் என்று பெயர், அதை வைத்தால் கிண்ணத்துச் சோறு காணாமல் போய்விடுமாம். இதுவும் அதே வேலையைச் செய்யும்.

ஸ்காபரோ_அடுப்படி எழுதியது:

அக்கா, அண்ணா, இருவருக்கும் மிக்க நன்றி. நேற்று செய்தேன். பக்கவாட்டில் அந்தக் கோடு ஏறுவதை மகளும் நானும் குனிந்து நின்று பார்த்தோம். அவள்தான் "இப்ப திருப்புங்கோ" என்று சொன்னாள். மசாலா கருகவில்லை, தோல் அப்பளம் போல உடைந்தது. மகன் தன் துண்டை முடித்துவிட்டு அக்காவின் துண்டில் காரமில்லாத ஓரத்தைத் தேடினான். பச்சை மீன் இப்போதைக்கு வேண்டாம், வீட்டில் அம்மா இருக்கிறா.

அம்மாவுக்கு 72 வயது. சால்மனில் ஒரு துண்டுதான் எடுத்தா. அடிச்சோற்றில் வெந்நீர் ஊற்றி வைத்ததை இரண்டு கிண்ணம் குடித்தா. இன்று காலையில் எழும்பியதும் அது இன்னும் இருக்கிறதா என்று கேட்டா.

மீன்கடையில் சால்மன் தலை ஒன்றையும் மலிவாகத் தந்தார்கள். அதை இந்த முறையில் செய்யலாமா அக்கா?

தேஜான்_மல்லிகை எழுதியது:

தலைக்கு மசாலா வேண்டாம். இரண்டாகப் பிளந்து, செவுளை முழுக்க எடுத்துவிட்டு, கல் உப்பு மட்டும் தூவி அரை மணி வைத்து, ஓவனில் 400 பாகை பாரன்ஹீட்டில் 25 நிமிடம். கன்னத்துச் சதையை அம்மாவுக்குக் கொடுங்கள்.