வியாழக்கிழமை டிக்கெட்

குழு: நம்ம வீடு – பட்டுக்கோட்டை

ஞாயிறு

அம்மா, காலை 7:12
தம்பிக்கு வியாழக்கிழமை ராத்திரி சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்குக் கம்பெனியில் டிக்கெட் போட்டுவிட்டார்களாம். சூப்பர்வைசர் சொன்னாராம். வேலையில் அடிபட்ட கை எப்படி இருக்கிறது என்று கேட்டால் பரவாயில்லை அம்மா என்கிறான், அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை.

அத்தை, 7:20
வரட்டும் அண்ணி. பிள்ளை கண்ணெதிரே இருந்தால் போதும். இங்கே கட்டுப் போட்டு எண்ணெய் ஊற்றினால் விரல் மடங்கிவிடும்.

பெரியப்பா, 7:41
நானும் அதைத்தான் சொல்வேன். ஏஜென்ட்டுக்குக் கட்டிய மூன்றரை லட்சத்தில் இரண்டு லட்சம் இன்னும் வட்டியில் நிற்கிறது. கம்பெனியோடு நல்லபடியாக இருந்தால் ஆறு மாதம் கழித்துத் திரும்பக் கூப்பிடுவார்கள், முறைத்துக்கொண்டால் அந்த நாட்டுக்குள்ளேயே விடமாட்டார்கள் என்று பேசிக்கொள்கிறார்கள்.

சிங்கப்பூர் மாமா, 8:05
அக்கா, அத்தான், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். அவன் வியாழக்கிழமை விமானம் ஏறக்கூடாது. நேற்று ராத்திரி அவன் தங்கியிருக்கிற தொழிலாளர் டாமிட்டரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் சொல்கிறேன். இரண்டு விரலிலும் உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். கம்பி எடுக்கிற தேதி 24 என்று ஆஸ்பத்திரி அட்டையில் எழுதியிருக்கிறது. 24-ஆம் தேதி கம்பி எடுக்க வேண்டியவனை 19-ஆம் தேதி ஊருக்கு அனுப்புகிறார்கள் என்றால் அது அவன் நல்லதுக்காக இல்லை.

அம்மா, 8:07
ஐயோ, கம்பியா? என்னிடம் வெறும் வீக்கம் என்றானே.

தம்பி, 8:15
அம்மா பயப்படாதீங்க. இடது கையில் டைப் செய்கிறேன், அதனால்தான் அதிகம் எழுதவில்லை.

சிங்கப்பூர் மாமா, 8:31
எல்லோரும் பொறுமையாகப் படியுங்கள், நீளமாக எழுதுகிறேன். இங்கே வேலையில் அடிபட்டால் இழப்பீடு கொடுக்கச் சட்டம் இருக்கிறது. யார் தவறு என்ற கேள்வியே அதில் கிடையாது, வேலை செய்யும்போது அடிபட்டதா என்பதுதான் கேள்வி. பணமும் முதலாளி பையிலிருந்து வருவதில்லை, கை வேலை செய்கிற எல்லோருக்கும் கம்பெனி இன்சூரன்ஸ் எடுத்தே ஆக வேண்டும், அதிலிருந்து வருகிறது. வைத்தியச் செலவு ஒன்று. எம்சி, அதாவது டாக்டர் எழுதிக் கொடுக்கிற மருத்துவ விடுப்பு, அந்த நாட்களுக்குச் சம்பளம் இரண்டாவது: ஆஸ்பத்திரி விடுப்பு என்றால் 60 நாள் வரை முழுச் சம்பளம், சாதாரண எம்சி என்றால் 14 நாள் வரை முழுச் சம்பளம், அதற்கு மேல் மூன்றில் இரண்டு பங்கு, அடிபட்ட நாளிலிருந்து ஒரு வருடம் வரை. அதுவும் அவனுடைய நாள் அடிப்படைச் சம்பளம் 20 வெள்ளியை (டாலரை) வைத்து இல்லை, கடைசி 12 மாதம் ஓவர்டைம் சேர்த்து வாங்கியதன் சராசரியை வைத்து. மூன்றாவதுதான் பெரியது. வைத்தியம் முடிந்த பிறகு கையில் எவ்வளவு பலம் நிரந்தரமாகப் போய்விட்டது என்று டாக்டர் சதவீதம் போட்டு எழுதுவார், அதற்கு ஒரு மொத்தத் தொகை உண்டு. ஊருக்கு வந்துவிட்டாலும் ஒரு வருடத்துக்குள் கேட்கலாம் என்று சட்டம் சொல்கிறதுதான், ஆனால் பட்டுக்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு சிங்கப்பூர் டாக்டரிடம் கையை எப்படிக் காட்டுவது?

பெரியப்பா, 8:44
இவ்வளவும் இருக்கிறது என்றால் கம்பெனியே செய்திருக்குமே மச்சான்.

சிங்கப்பூர் மாமா, 8:52
அத்தான், 2010-இல் நான் திடீரென்று ஊருக்கு வந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? வேலை முடிந்துவிட்டது என்று சொன்னேன். பொய். ஏணியிலிருந்து விழுந்து இடுப்பில் அடி, நிமிர முடியாது. மூன்றாம் நாள் இரண்டு பேர் வேனோடு வந்தார்கள், பெட்டியைக் கட்டு என்றார்கள், ஒரு ராத்திரி முழுவதும் ஓர் அறையில் உட்கார வைத்து விடியற்காலையில் விமான நிலையத்தில் கொண்டுபோய் விட்டார்கள். பாஸ்போர்ட்டை கவுன்டரில் நீட்டும்போதுகூட என் பின்னால்தான் நின்றார்கள். அந்த கவுன்டரில் இருக்கும் அதிகாரியிடம் "எனக்கு அடிபட்டிருக்கிறது, கேஸ் முடியவில்லை, நான் போக விரும்பவில்லை" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பார்கள். அந்த ஒரு வரி எனக்குத் தெரியாது. வந்து ஒன்றரை வருடம் வயலில் குனிய முடியாமல் கிடந்தேன், அப்புறம் மறுபடியும் கடன் வாங்கி ஏஜென்ட்டுக்குக் கட்டித்தான் திரும்பி வந்தேன். அக்காவுக்கே இது இன்றுதான் தெரியும். அவனுக்கும் அப்படி நடப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

அம்மா, 9:10
நீ ஏன்டா இத்தனை வருஷமாகச் சொல்லவில்லை.

நான், 9:14
மாமா, அவன் தனியாக என்ன செய்வான்? வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை, ஆங்கிலமும் சரியாக வராது.

சிங்கப்பூர் மாமா, 9:30
வக்கீல் இல்லாமலே கேஸ் போடலாம் பாப்பா. மனிதவள அமைச்சகத்துக்கு, அதாவது எம்ஓஎம்-க்கு, நேராக எழுதினால் போதும். துணைக்கு டிடபிள்யூசி2 என்று ஒரு தொண்டு அமைப்பு இருக்கிறது, அவர்களிடம்தான் இன்று சாயங்காலம் கூட்டிக்கொண்டு போகிறேன். முழுப் பெயர் டிரான்சியன்ட் வொர்க்கர்ஸ் கவுன்ட் டூ, வந்து போகிற தொழிலாளியும் கணக்கில் உண்டு என்று அர்த்தம். 2001-இல் இங்கே ஒரு வீட்டில் வேலை செய்த 19 வயது இந்தோனேசியப் பெண், முதலாளி மாதக்கணக்கில் அடித்துப் பட்டினி போட்டதில் இறந்துபோனாள். அக்கம்பக்கத்தில் ஒருவர்கூட கவனிக்கவில்லை. அது பொறுக்காமல் இந்த ஊர்க்காரர்கள் சிலர் 2003-இல் கூடி ஆரம்பித்தது, 2004-இல் பதிவானது. வீட்டு வேலைப் பெண்களுக்கு வாரம் ஒரு நாள் விடுப்பு வேண்டும் என்று வருடக்கணக்கில் கேட்டவர்களில் இவர்களும் உண்டு, 2013-இல்தான் அது சட்டமாக வந்தது. எங்களை லாரியின் பின்னால் ஏற்றிக்கொண்டு போகாதீர்கள் என்று இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். 2020-இல் டாமிட்டரியைப் பூட்டி வைத்திருந்தபோது எங்கள் போனுக்கு டாப்-அப் போட்டவர்களும் இவர்கள்தான். அந்த மாதங்களில் வீட்டாரின் குரலைக் கேட்டது அதனால்தான், மறக்க முடியாது.

அத்தை, 9:38
பணம் எவ்வளவு கேட்பார்கள்?

சிங்கப்பூர் மாமா, 9:40
ஒரு காசு இல்லை. நன்கொடையில் நடக்கிறது, நிறையப் பேர் சம்பளம் வாங்காமல் வருகிறவர்கள்.

பெரியப்பா, 9:55
வேலை போய்விட்டால்?

சிங்கப்பூர் மாமா, 10:08
போகலாம் அத்தான், மறைக்கவில்லை. வேலை பெர்மிட்டை ரத்து செய்தால் கேஸ் முடிகிற வரை ஸ்பெஷல் பாஸ் என்று ஒரு தாள் கொடுப்பார்கள், அதை வைத்துத் தங்கலாம், வேலை பார்க்க முடியாது. மாதக்கணக்கில் இழுக்கும். அதுவரை சாப்பாடும் தங்குமிடமும் கம்பெனி பொறுப்பு என்றுதான் விதி, எல்லாக் கம்பெனியும் செய்வதில்லை. நிறையப் பேர் கேஸை விட்டுவிட்டுக் கிளம்புவது பசியால்தான். அதைப் பார்த்துத்தான் 2008-இல் தேக்காவில், அதாவது லிட்டில் இந்தியாவில், கஃப் ரோட்டில் கேஸ் நடக்கிறவர்களுக்கு இலவசச் சாப்பாடு ஆரம்பித்தார்கள். வட்டியை நான் பார்த்துக்கொள்கிறேன், மாதம் அனுப்புகிறேன். கை போனால் அந்த இரண்டு லட்சத்தை எதை வைத்து அடைப்பான்?

பெரியப்பா, 10:30
சரி. உன் இஷ்டம். பிள்ளையைத் தனியாக விடாதே.

சிங்கப்பூர் மாமா, 10:33
மாப்பிள்ளை, பெர்மிட் இரண்டு பக்கம், எம்சி எல்லாம், சம்பளச் சீட்டு, வேலைக்கு அனுமதி என்று சம்பளமும் எழுதி வந்த ஐபிஏ கடிதம், அடிபட்ட இடம், ஆஸ்பத்திரி அட்டை, எல்லாவற்றையும் போட்டோ எடுத்து எனக்கும் அக்காவுக்கும் அனுப்பிவிடு. போனைப் பிடுங்கினாலும் இங்கே இருக்கும். எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதே.

தம்பி, 10:41
மாமா, வெள்ளிக்கிழமை ஒரு தாளில் போட்டேன். இங்கிலீஷில் இருந்தது. டிக்கெட்டுக்கு என்றார்கள்.

சிங்கப்பூர் மாமா, 10:43
பரவாயில்லை, பயப்படாதே. எந்தத் தேதி, யார் கொடுத்தது, கூட யார் இருந்தார்கள் என்று மறப்பதற்கு முன்னால் எழுதி வை. அதையும் அவர்களிடம் சொல்லுவோம்.

செவ்வாய்

தம்பி, மாலை 6:02
எம்ஓஎம்-இல் கேஸ் பதிவாகிவிட்டது. அந்த அமைப்பில் ஓர் அம்மா இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கேட்டு எழுதினார். எந்தக் கை முதலில் மாட்டியது, பலகையின் அந்தப் பக்கம் பிடித்தவன் யார் என்றுகூடக் கேட்டார். மூன்று வாரத்தில் முழுக் கதையையும் கேட்டது அவர்தான். கம்பெனியில் கோபமாக இருக்கிறார்கள்.

அம்மா, 6:04
அடித்தார்களா?

தம்பி, 6:05
இல்லை அம்மா. பேசவில்லை, அவ்வளவுதான்.

வியாழன்

அத்தை, இரவு 8:50
இந்நேரம் விமானத்தில் இருக்க வேண்டியவன். எங்கே இருக்கிறான்?

தம்பி, 9:16
தேக்காவில் அத்தை. மாமாவும் இருக்கிறார். கஃப் ரோட்டில் சாப்பிட்டேன், சோறு, பருப்பு, ஒரு பொரியல். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பங்களாதேஷ் அண்ணன் ஏழு மாதமாக வருகிறாராம், முதுகு. கரண்டி பிடிக்கத் தெரியாமல் நான் திணறியதைப் பார்த்துச் சோற்றைப் பிசைந்து கொடுத்தார்.

அம்மா, 9:18
அவருக்கும் நல்லது நடக்கட்டும். 24 அன்று கம்பி எடுக்கும்போது வீடியோ கால் போடு.

பெரியப்பா, 9:47
மச்சான், ஒன்று கேட்க வேண்டும். மேலத்தெரு கண்டக்டர் மகன் அடுத்த மாதம் அங்கே வருகிறான், அதே ஏஜென்ட்தான். நாளை பணம் கட்டப் போகிறார்களாம். ஐபிஏ கடிதம் வந்திருக்கிறது என்றார்கள், தமிழிலும் இருக்கிறதாம். ஏஜென்ட் வாயால் சொன்ன சம்பளம் ஒன்று, அதில் இருப்பது வேறு என்கிறான் பையன்.

சிங்கப்பூர் மாமா, 9:49
கடிதத்தை இப்போதே எனக்கு அனுப்பச் சொல்லுங்கள் அத்தான். நான் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம் என்று அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள்.

பெரியப்பா, 9:50
செருப்பு மாட்டிவிட்டேன்.