ஒப்பரேஷனுக்கு முதல் பீடியை விடப் பண்ணுறது எப்பிடி?

கிளிநொச்சி நேர்ஸ்:
வணக்கம். நான் சேர்ஜிக்கல் கிளினிக்கில வேலை. குடலிறக்கத்துக்குத் திகதி எடுக்க வாற ஐயாமார் கனபேர் வயல்காரர், பத்துறனீங்களோ எண்டு கேட்டா "சிகரட் இல்லை பிள்ளை, பீடிதான்" எண்டுவினம், பீடி ஒண்டும் செய்யாது எண்டு உண்மையாவே நம்புகினம். விடச் சொன்னா தலையாட்டுவினம், வாட்டில வந்து படுக்கேக்க பொக்கற்றில பீடிக்கட்டு இருக்கும். போரில இவ்வளவு இழந்த மனுசரை ஏசவும் மனம் வருதில்லை. கடைசி நேரத்தில விட்டா சளி கூடும், அதுக்கு விடாமலே இருக்கலாம் எண்டும் சிலர் சொல்லுகினம், உண்மையோ?

தியேட்டர் அக்கா, வவுனியா:
இல்லைத் தங்கச்சி, அது பழைய கதை, அதுக்கு ஆதாரமில்லை. 4 கிழமைக்கு முதலே விட்டா நெஞ்சுச் சளிப் பிரச்சினையும் காயம் பழுக்கிறதும் குறையும், உலக சுகாதார நிறுவனம் 2020இலயும் இதைத்தான் சொன்னது. அதால திகதி குடுக்கிற அண்டைக்கே கதையுங்கோ, வாட்டுக்கு வந்தாப்பிறகு சொல்லி என்ன? அப்பிடியும் விடேலாதவரை முதல் நாளாவது பத்தாம இருக்கச் சொல்லுங்கோ, ஒரு நாளிலயே ரத்தத்தில இருக்கிற கார்பன் மொனொக்சைட் நல்லாக் குறைஞ்சிடும், உடம்புக்கு ஒட்சிசன் கூடக் கிடைக்கும்.

முள்ளியவளை மகள்:
எங்கட அப்பாவுக்கும் குடலிறக்கம்தான். புற்றுநோய் வரும் எண்டு எத்தினையோ வருசமா சொல்லியும் கேக்காத மனுசன். டொக்டர் "இருமினா தையல் இழுபடும், திரும்ப இறங்கினா திரும்ப வெட்டோணும், பிறகு நெல்லு மூட்டை ஆர் தூக்கிறது" எண்டு கேட்டவர், அதுதான் அவருக்குப் பட்டது. கிளினிக்குக்கு வீட்டுக்காரர் ஒராளையும் கூப்பிடுங்கோ மிஸ். முதல் மூண்டு நாலு நாள் சரியான எரிச்சல், வயலுக்குப் போனா பக்கத்து வயல்காரர் நீட்டுவினம், நாங்கள் அவையளிட்டையும் போய்ச் சொன்னனாங்கள்.

தியேட்டர் அக்கா, வவுனியா:
இன்னொண்டு, பீடியை விட்டிட்டு வெத்திலையோட புகையிலை போடத் தொடங்குவினம், அதுவும் வாய்ப் புற்றுநோய்தான், கட்டாயம் கேளுங்கோ. கன பீடி பத்துறவைக்கு நிக்கொட்டின் சுவிங்கம் சரிவருமோ எண்டு டொக்டரிட்டைக் கேக்கலாம். இடையில ஒண்டு பத்திப்போட்டன் எண்டு ஆரும் சொன்னா ஏசாதேங்கோ, ஏசினா அடுத்தமுறை ஒளிப்பினம், மயக்கமருந்து குடுக்கிறவருக்கு உண்மை தெரியோணும்.

கிளிநொச்சி நேர்ஸ்:
நன்றி அக்கா, நன்றி தங்கச்சி. அடுத்த கிளினிக்கில இருந்து திகதித் துண்டு குடுக்கேக்கயே மகளையோ மனுசியையோ பக்கத்தில இருத்தித்தான் கதைக்கப்போறன், இருமலையும் தையலையும் முதல்ல சொல்லி.