மறு: ஓய்ந்த வடிசாலையும் வாலையேற்றமும்

ஐயாவுக்கும் குழும நண்பர்களுக்கும் வணக்கம். மூடிக் கிடந்த விஸ்கி வடிசாலை மீண்டும் இயங்குவதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்ற நம் உரையாடலின் தொடர்ச்சி இது.

> மூடிக் கிடந்த விஸ்கி ஆலை மறுபடி இயங்குவதற்கு 'மறுவடிப்பு' என்றே வைத்துக்கொள்ளலாமே? எளிய சொல்.

எளிய சொல்தான் ஐயா, ஆனால் அதற்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது. ஸ்காட்லாந்தில் மால்ட் விஸ்கியை (முளைகட்டிய பார்லியில் செய்வது) பெரும்பாலும் இருமுறை வடிக்கிறார்கள். முதல் வடிப்பில் வரும் மெல்லிய சாராயத்தை இன்னொரு கலத்தில் இட்டு வடிப்பதுதான் மறுவடிப்பு. 'மறுமலர்ச்சி' செய்தித்தாள் தலைப்புக்கு ஆகும், நமக்கு ஆகாது. வடிசாலை என்பதில் யாருக்கும் தடை இராது என்று நினைக்கிறேன். யாழ்ப்பாணத்தில் திக்கம் வடிசாலை என்றே வழங்குகிறார்கள். பனஞ்சாராயத்தோடு பழகிய சொல் இருக்கும்போது 'வடிப்பகம்' எதற்கு?

முதலில் மூடிக் கிடக்கும் நிலைக்கு ஒரு பெயர் வேண்டும். 1970களில் அளவுக்கு மீறி வடித்துவிட்டு, விற்பனை சரிந்ததும் 1983இல் பல வடிசாலைகளை ஒரே வீச்சில் நிறுத்தினார்கள். ஆங்கிலத்தில் அவற்றை 'ghost distillery' என்பார்கள்; அதைப் 'பேய் வடிசாலை' என்று மொழிபெயர்த்த கட்டுரை ஒன்றைப் படித்துச் சிரித்தேன். என் பரிந்துரை 'ஓய்ந்த வடிசாலை'. மழை ஓய்ந்தது என்றால் இனிப் பெய்யாது என்று பொருளில்லை அல்லவா?

அடுத்து, ஓய்ந்தது திரும்புவதற்கான சொல். இங்கேதான் சிக்கல். எது திரும்பியது என்று கேட்டால் ஊருக்கு ஊர் விடை மாறுகிறது.

ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கடலோரத்தில் இருக்கிறது புரோரா வடிசாலை. 1819இல் க்ளைனலிஷ் என்ற பெயரில் தொடங்கியது. கட்டியவர், உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளிலிருந்து குடியானவர்களை ஆட்டு மந்தைகளுக்காகக் கடற்கரைக்கு விரட்டிய சதர்லாந்துக் குடும்பத்தார். விளம்பரங்களில் இந்தச் செய்தி தென்படாது. 1960களின் இறுதியில் பக்கத்திலேயே புதிய வடிசாலை எழுந்து பெயரையும் எடுத்துக்கொண்டது. பழையது நின்று, 1969இல் மீண்டும் இயங்கி, புரோரா என்ற பெயரில் 1983 வரை வடித்தது. கட்டடமும் இரண்டு செம்புக் கலங்களும் மட்டும் இடத்தைவிட்டு அகலவில்லை. பின்னாளில் அந்தக் கலங்களையே ஆலோவா ஊரின் செம்புக் கொல்லர்களிடம் அனுப்பிச் செப்பனிட்டுக் கொண்டுவந்து ஏற்றினார்கள். 2021 மே மாதம் வடிப்பு தொடங்கியது.

ஸ்காட்லாந்தின் ஐலா தீவிலுள்ள போர்ட் எலன் கதை வேறு. 1825ஆம் ஆண்டு வடிசாலை அது. 1983இல் நின்ற பிறகு கலங்கள் போயின, கட்டடங்களில் பெரும்பகுதியும் இடிந்தது. கடலைப் பார்த்த கிடங்குகள் சில எஞ்சின. 2024 மார்ச்சில் திறந்தபோது உள்ளே இருந்தவை பழைய கலங்களின் அச்சு மாறாத நகல்கள், கூடவே சோதனைக்கென்று சிறிய கலங்களின் இணை ஒன்று. அதே ஊர், அதே பெயர், ஆனால் கலம் புதிது. இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால் எதையோ மறைக்கிறோம்.

அதனால்தான் சொல்லைக் கலத்திலிருந்து தொடங்கலாம் என்கிறேன். சித்த மருத்துவத்தில் வடிகலத்துக்கு வாலை என்று பெயர். ஓமத் தீநீரை வாலையில் இட்டுத்தான் இறக்குகிறார்கள். ஓய்ந்த வடிசாலையில் மீண்டும் வாலையை ஏற்றி வடிக்கத் தொடங்குவது 'வாலையேற்றம்'. புரோராவில் நடந்தது பழவாலையேற்றம், போர்ட் எலனில் நடந்தது புதுவாலையேற்றம்.

> வாலை என்றால் இளம்பெண் அல்லவா? சித்தர்கள் வணங்கும் அம்மனும் அவள்தானே? போதாக்குறைக்கு, 'வாலை ஏற்றினான்' என்று பிரித்து எழுதினால் மாட்டின் வாலைத் தூக்கியதாக ஆகிவிடாதா?

அக்கா கேட்டதில் முதல் பாதி என்னை அசைக்கவில்லை. ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பது தமிழுக்குப் புதிதல்ல. இரண்டாம் பாதிதான் குத்துகிறது. வடிப்பில் முதலில் வருவதைத் தலை என்றும், கடைசியில் வருவதை வால் என்றும் நாம் போன மாதம்தான் ஒப்புக்கொண்டோம். தலையையும் வாலையும் ஒதுக்கி நடுவைத்தான் பீப்பாய்க்கு அனுப்புகிறார்கள், ஒதுக்கியதை அடுத்த தவணையில் சேர்த்து மறுபடி வடிக்கிறார்கள். ஆக, 'வாலை வாலையில் இட்டு வடிக்கவும்' என்று நானே எழுத வேண்டி வரும்!

இதற்கு ஒரு வழி உண்டு. தனியாக வரும் இடத்தில் 'செம்புவாலை' என்றே எழுதுவோம். பொருளுக்கும் அது பொருந்தும்: சாராய ஆவியிலுள்ள கந்தக நாற்றத்தைச் செம்பு பிடித்துக்கொள்வதும் கலத்தைச் செம்பில் செய்வதற்கு ஒரு முக்கியக் காரணம். 'வாலையேற்றம்' என்ற தொகைச் சொல்லை மட்டும் எப்போதும் சேர்த்தே எழுத வேண்டும்.

இன்னொரு நண்பர் 'விஸ்கி மீட்பு' என்று எழுதியிருந்தார். ஸ்காட்லாந்தில் சட்டப்படி ஓக் பீப்பாயில் 3 ஆண்டு கிடக்காத எதையும் விஸ்கி என்று சொல்லக் கூடாது. போர்ட் எலன் 2024இல் வடித்தது 2027 வரை வெறும் சாராயம்தான். ஏறியது வாலை மட்டுமே.

1994இல் நின்று 2001இல் தன் பழைய கருவிகளோடு அப்படியே ஓடத் தொடங்கிய ஐலா தீவின் இன்னொரு வடிசாலையான புரூக்லாடி எந்த வகை என்று இரவெல்லாம் யோசித்தேன். அங்கே எதையும் இறக்கவுமில்லை, ஏற்றவுமில்லை. அதை நம் சொல்லுக்குள் அடக்க வேண்டாம். 'ஓய்ந்து மீண்டது' என்று எழுதிவிட்டுப் போகலாம்.

அன்புடன்,
உங்கள் குழும நண்பன்