பெத்ரேன் பக்கம் கொயாவ் தெசின் (சீனக் கொய்யா) பிடுங்கப் போகிறோம், என்ன தயாரிப்பு வேண்டும்?

ரோஸ்ஹில்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். தைப்பூசக் காவடி முடிந்த கையோடு எங்கள் கோவில் இளைஞர் குழுவில் 12 பேர் (16 முதல் 25 வயது) இங்கே மொரீஷியஸில் பிளாக் ரிவர் கோர்ஜஸ் தேசியப் பூங்காவில் ஒரு நாள் தொண்டு செய்யலாம் என்று இருக்கிறோம். காலையில் பூங்காவின் மேட்டு வாசலான பெத்ரேன் பக்கம், சுதேசிக் காட்டை நெருக்கும் களைமரமான கொயாவ் தெசின் வெட்டுவது, மதியத்துக்கு மேல் மக்காபே காட்டு வழியாக ரிவியேர் நுவார் (பிளாக் ரிவர்) பக்கம் இறங்குவது என்று திட்டம். அரிவாள் 6 இருக்கிறது. அனுமதி வாங்க வேண்டுமா? வெட்டினால் போதுமா, களைக்கொல்லி மருந்தும் அடிக்க வேண்டுமா?

எபேன்நிழல்:
தம்பி, முதல் வேலையாக அந்த அரிவாள்களை உள்ளே வையுங்கள்.

1994இல் அமைந்த தேசியப் பூங்கா அது. சொந்தமாக நுழைந்து எந்தச் செடியையும் வெட்ட முடியாது, களைச்செடியே ஆனாலும். தேசியப் பூங்காத் துறைக்குச் சில வாரம் முன்னதாகவே கடிதம் எழுதுங்கள். எத்தனை பேர், வயது என்ன, எந்தத் தேதி, பொறுப்பாளர் யார் என்று நான்கே வரி போதும். 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்தையும் சேர்த்து அனுப்பிவிடுங்கள். இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான மொரீஷியன் வைல்ட்லைஃப் ஃபவுண்டேஷனும் தொண்டர்களைச் சேர்த்துக்கொள்கிறது, அங்கேயும் கேட்டுப் பாருங்கள்.

சட்டத்தை விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. இந்தத் தீவில் கெடாமல் மிஞ்சிய சுதேசிக் காடு 2 சதவீதம்கூட இல்லை. அதில் யூஜீனியா, நாவல் இனக் கன்றுகளெல்லாம் கொய்யாவுக்குப் பங்காளிகள். இலைகள் எதிரெதிராக, தடிப்பாக, பளபளப்பாக அதே ஜாடையில் இருக்கும். இது போதாதென்று, இங்குள்ள பல சுதேசி மரங்களுக்குக் கன்றில் ஓர் இலை, வளர்ந்தபின் வேறோர் இலை. பக்கத்தில் நிற்கும் தாய்மரத்தைப் பார்த்துக் கன்றை அடையாளம் காண முடியாது. பெரிய கொயாவ் தெசின் என்றால் பட்டை காட்டிக்கொடுத்துவிடும்: மெல்லிய பழுப்புத் தாளாக உரியும், அடியில் வழவழப்பாக இருக்கும். முழங்கால் உயரக் கன்றில் அந்த அடையாளமும் கிடையாது. அதனால் வேலை தொடங்குமுன் காவலரிடம் சொல்லி, அந்த இடத்துச் சுதேசிக் கன்றுகளில் வண்ண நாடா கட்டச் சொல்லுங்கள். சந்தேகம் வந்த செடியை விட்டுவிடுங்கள்.

வேலி போட்ட பகுதிக்குள் அனுப்பினால் கடைசியாக வருபவர் கதவைச் சாத்த வேண்டும். பன்றியும் மானும் நுழைந்தால் அங்கே நட்டதெல்லாம் போச்சு.

தூர்வேர்:
வெட்டுவது பற்றி. வெறுமனே வெட்டிவிட்டு வந்தால் அது களையெடுப்பு அல்ல, கவாத்து. ஒரு தண்டு போன தூரிலிருந்து நாலைந்து துளிர்க்கும், வேரிலிருந்தும் கிளம்பும்.

உங்களுக்கு ஏற்ற வேலை பென்சில் தடிமன் வரையிலான கன்றுகள்தான். மண் ஈரமாக இருக்கும்போது இரண்டு கையாலும் தரையை ஒட்டிப் பிடித்து, ஆட்டாமல் நேராக மேலே இழுங்கள். நடுத்தண்டைப் பிடித்துச் சாய்த்து இழுத்தால் கழுத்தில் ஒடியும், வேர் மண்ணிலேயே தங்கிவிடும். பிடுங்கியதைத் தரையில் போடாதீர்கள். ஈரக் காட்டில் திரும்ப வேர் பிடித்துக்கொள்ளும். வேர் மேலே பார்க்க ஒரு பாறையிலோ வெட்டிய கிளைக் குவியலின் மேலோ வையுங்கள். சரிவான இடமானால் குவியல் குறுக்குவாட்டில் இருக்கட்டும், மண் அரிப்பு குறையும்.

கட்டைவிரலை விடத் தடித்ததற்கு ரம்பமும் மருந்தும் வேண்டும். மருந்து பயிற்சி பெற்ற பணியாளர் கையில் மட்டும்தான் இருக்க வேண்டும். தரையிலிருந்து 5 முதல் 10 செ.மீ. உயரத்தில், மட்டமாக அறுக்க வேண்டும். அரிவாளால் சாய்த்து வெட்டினால் மருந்து வழிந்துவிடும், கூரான அடிக்கட்டை அடுத்து வருபவர் பாதத்தில் ஏறும். அறுத்த சில நிமிடங்களுக்குள், பட்டைக்கு உட்புறம் இருக்கும் பச்சை வளையத்தில் தூரிகையால் தடவ வேண்டும். நடுக்கட்டையில் ஊற்றுவது வீண். சாயம் கலந்து தடவினால் எது முடிந்தது, எது விட்டுப்போனது என்று தெரியும்.

12 பேரையும் வரிசையாக ஒன்றரை மீட்டர் இடைவெளியில் நிறுத்துங்கள். ஆளாளுக்குச் சிதறினால் பாதி கன்றுகள் கண்ணில் படாது.

இன்னொன்று, பெரிய மரம் விழுந்ததும் வெளிச்சம் இறங்கும், மண்ணில் கிடந்த விதையெல்லாம் முளைக்கும். சில மாதத்தில் அதே இடத்துக்குத் திரும்பி வராவிட்டால் முன்பைவிடப் புதராகிவிடும். ஒரு நாளில் பத்து இடம் தொடுவதை விட, ஒரே இடத்தை மூன்று முறை முடிப்பது மேல்.

மழைக்குடை:
தேதியை மாற்றுங்கள் என்பேன். தைப்பூசத்தை ஒட்டி என்றால் புயல் காலத்தின் நடு. மே மாதத்துக்குப் பிறகு பாருங்கள். கொயாவ் பழ சீசனும் அப்போது இருக்கும், ஆனால் வழியில் தின்று கொட்டையைத் துப்பினால் காலையில் பிடுங்கியதை மாலையில் விதைத்த கணக்குதான்.

பெத்ரேனிலிருந்து மக்காபே வரை அகலமான, ஏறக்குறைய சமமான பாதை. அதன்பின் இறக்கம் செங்குத்து, மழை பெய்திருந்தால் செம்மண் சோப்பு மாதிரி வழுக்கும். மொத்தம் சுமார் 10 கி.மீ., குழுவாகப் போனால் 4 மணி நேரம் வையுங்கள். ஜூனில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் போய்விடும், மரத்தடியில் ஐந்துக்கே இருட்டு. ஆகவே 11 மணிக்குக் களை வேலையை நிறுத்திச் சாப்பிட்டு, 12க்குள் கிளம்புங்கள். வண்டி ரிவியேர் நுவார் பக்கத்து வாசலில் காத்திருக்க வேண்டும், பெத்ரேனில் அல்ல!

ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர். ஓடைநீர் வேண்டாம். எலி சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் இங்கே உண்டு, அதனால் கையுறை கட்டாயம், கீறலை மூடிக்கட்டுங்கள். இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் காட்டுக்குப் போனதை மருத்துவரிடம் சொல்லுங்கள். புதருக்குள் கை விடுமுன் மஞ்சள் குளவிக்கூடு இருக்கிறதா பாருங்கள்.

ரோஸ்ஹில்காரன்:
ரொம்ப நன்றி. ஜூனுக்கு மாற்றிக்கொள்கிறோம். ரம்பம் நாங்கள் கொண்டுபோகலாமா?

தூர்வேர்:
வேண்டாம் தம்பி, அங்கே கொடுப்பார்கள். நீங்கள் கையுறையும் ஒரு பழைய தேய்ப்புப் பிரஷும் கொண்டுபோங்கள். பிரஷ் பூட்ஸுக்கு: உள்ளே போகுமுன் அடிப்பள்ளத்து மண்ணைச் சுரண்டிவிடுங்கள், வேறிடத்து விதை அதில்தான் ஒட்டிக்கொண்டு வரும்.