ஒரு நாளைக்கு 900 தடவையா? ஆர்.என்.எஸ். வெச்சவங்க யாராவது சொல்லுங்க

டல்லஸ் கயல்:
வீட்டுக்காரருக்கு 38 வயசு. மூணு மாத்திரை மாத்தியும் ஃபிட்ஸ் நிக்கல. மூளையில ரெண்டு பக்க டெம்போரல்லயும் (காதுப் பக்கம் இருக்கிற பகுதி) கிளம்புது, வெட்டி எடுக்க முடியாதுன்னு சொல்லி, மண்டையோட்டுல நியூரோபேஸ் கம்பெனியோட ஆர்.என்.எஸ். (வலிப்பு அலையைப் பிடிச்சு உடனே மூளைக்குக் கரண்ட் குடுக்கிற மெஷின்) வெச்சு நாலு மாசம் ஆச்சு. நேத்து டாக்டர் ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டினார்: ஒரு நாளைக்கு 900 டிடெக்‌ஷனாம். நான் காலண்டர்ல சிவப்பு வட்டம் போட்டது மாசத்துக்கு ரெண்டுதான். அங்கேயே கேட்க வாய் வரல. இவருக்கு அத்தனை தடவையா வருது?

வலதுகாது:
பயப்படாதீங்க மேடம். எனக்கு வெச்சு ஆறு வருஷம். ஒரு நாள் 1,200ஐத் தாண்டியிருந்துச்சு, அன்னைக்கு நான் பாட்டுக்கு உட்கார்ந்து டேக்ஸ் ஃபைல் பண்ணிட்டிருந்தேன். டிடெக்‌ஷன் வேற, வலிப்பு வேற. சந்தேகமா ஒரு அலை தெரிஞ்சாலே மெஷின் பிடிச்சு எண்ணிடும். வாசல்ல இலை அசைஞ்சாலே குரைக்கிற நாய் மாதிரி வேணும்னேதான் பழக்கியிருக்காங்க. ஒவ்வொரு தடவையும் கண் சிமிட்டுற நேரம்தான் கரண்ட் போகும், நாள் முழுக்கக் கூட்டினாலும் பொதுவா 6 நிமிஷத்துக்குள்ள. எனக்கு ஒண்ணுமே தெரியாது.

நீங்க கேட்க வேண்டியது ‘லாங் எபிசோடு’, அதாவது அந்த அலை சட்டுன்னு அடங்காம நீண்டது, எத்தனைன்னு. நிஜ வலிப்பு பெரும்பாலும் அதுலதான் மாட்டும். எனக்கு ஒரு மாசம் டைரியில 3, மெஷின்ல 11. எல்லாம் விடியக்காலை மூணு, நாலு மணி. தனியா இருக்கிற ஆள், யார் பார்த்தா? காலையில நாக்கு எரியும், மாங்கா ஊறுகாய்தான் காரணம்னு நினைச்சுட்டிருந்தேன்!

வலிப்பு வரப்போற மாதிரி, வயித்துலேர்ந்து என்னவோ மேல ஏறுற மாதிரி இருந்தா உடனே மெஷினோட குடுத்த காந்தத்தைத் தலையில மெஷினுக்கு நேரா காட்டச் சொல்லுங்க, அந்தப் பதிவு தனியா சேமிக்கப்படும். உள்ள சில நிமிஷப் பதிவுக்குத்தான் இடம். தினமும் வாண்டை (wand, பதிவைப் படிக்கிற கைக்கருவி) தலையில வெச்சுப் பதிவை ஏத்தலைன்னா பழசு மேல புதுசு எழுதிடும்.

ஈ.ஈ.ஜி. டெக்னீஷியன்:
ஒரு சின்ன விளக்கம். அலையை நூல் மாதிரி இழுத்து நீட்டினா எவ்வளவு நீளம் வரும்னு மெஷின் கணக்குப் போடும். வலிப்புல அலை படபடன்னு நெளியும், நூல் நீளும். எந்த நீளத்துல பிடிக்கணும்னு டாக்டர் வைக்கிறதுதான், அடுத்த விசிட்ல மாத்தவும் செய்வார். ரெண்டு பக்கம்னு சொன்னதால இன்னொண்ணு: மாசக்கணக்குல பதிவு சேர்ந்தப்புறம், பெரும்பாலும் ஒரே பக்கம்தான்னு தெரிஞ்சு ஆபரேஷனுக்குப் போனவங்களும் உண்டு.

டல்லஸ் கயல்:
ரொம்ப நன்றி. போன வாரம் மூணு நாள் ஏத்தாம விட்டிருக்கோம். இப்பவே எழுப்பி வாண்டைக் கையில குடுத்தேன், தூங்க விடுடின்னு திட்டுறார். காந்தம் டிராயர்ல கிடந்துச்சு, அவர் ஆபீஸ் பையில போட்டாச்சு.