கை நடுங்குபவர்கள் தாமே கண் சொட்டு மருந்து போட வழி உண்டா?
கண் அழுத்த நோயில் போன பார்வை திரும்பாது. இருப்பதைக் காக்கப் பெரும்பாலும் தருவது தினசரி சொட்டு மருந்துதான். ஒரு துளி போதும். கீழிமையை இழுத்து அதில் விட்டு, கண்ணை மூடி, கண்ணின் மூக்கோர முனையை 2 நிமிடம் அழுத்த வேண்டும். இல்லையேல் மருந்து மூக்குக்குள் இறங்கி இரத்தத்தில் கலக்கும். டிமோலால் என்ற கண் அழுத்தச் சொட்டு மருந்து என்றால் ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுத்திணறலே வரலாம். இரண்டு மருந்தென்றால் நடுவே 5 நிமிட இடைவெளி.

சிக்கல், தனியே வாழும், கை நடுங்கும் முதியவர்களுக்குத்தான். பாட்டில் முனை கண்ணில் பட்டுக் கிருமி சேர்கிறது. படுத்தபடி, கையை நெற்றியில் ஊன்றிப் போடச் சொல்கிறோம். சிலருக்கு அதுவும் முடியவில்லை. பாட்டிலைத் தாங்கும் துணைக்கருவி பயன்படுத்தியவர்கள் இருக்கிறீர்களா? எந்த வடிவப் பாட்டிலுக்குப் பொருந்தியது, அமுக்க எவ்வளவு பலம் தேவைப்பட்டது என்று தயவுசெய்து எழுதுங்கள்.