வேலூர் வெயிலில் கறுப்பு வெள்ளை ஃபிலிம் கழுவ எந்த டெவலப்பர் ஏற்றது?

கேள்வி – காட்பாடியிலிருந்து

வணக்கம். கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துத் தூண்களை இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ் ஃபிலிமில் எடுத்து வருகிறேன். இதுவரை வெளியூர் லேபுக்கு அனுப்பிக் கழுவி வாங்கினேன். இனி வீட்டிலேயே கழுவ எண்ணுகிறேன். ஃபிலிமில் பதிந்த படத்தைக் கண்ணுக்குத் தெரிய வைக்கும் டெவலப்பர் ரசாயனங்களான டி-76, எச்சி-110, ரோடினால் ஆகிய மூன்றில் எதை வாங்குவது? துகள் (படத்தில் மணல்போலத் தெரியும் புள்ளிகள்) எதில் நயமாக விழும், கூர்மை எதில் மிகும் என்பதைப் பலரும் எழுதுகிறார்கள். ஆனால் சித்திரை மாதத்தில் மாடித் தொட்டித் தண்ணீர் நண்பகலில் சுடும் நம் ஊரில் இவை எப்படி வேலை செய்யும் என்று சொல்வாரில்லை. மாதம் ஓரிரு சுருள்களே எடுப்பேன். அனுபவமுள்ளோர் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் – சத்துவாச்சாரியிலிருந்து

நண்பரே, நீங்கள் கேட்ட கோணமே சரியானது. இந்த ஊரில் டெவலப்பரைத் தேர்ந்தெடுக்கும்போது துகளுக்கு முன்பாக நேரத்தைப் பார்க்க வேண்டும். சூடு ஏறினால் கழுவும் நேரம் சுருங்கும். அது 5 நிமிடத்துக்குக் கீழே போய்விட்டால், டேங்கில் (ஃபிலிமைக் கழுவும், வெளிச்சம் புகாத டப்பாவில்) கரைசலை ஊற்றவும் வடிக்கவும் ஆகும் நொடிகளின் வேறுபாடே நெகட்டிவில் திட்டுத் திட்டாகத் தெரிந்துவிடும்.

டி-76 என்பது 1927 முதல் புழக்கத்தில் உள்ள மெட்டால், ஹைட்ரோகுயினோன் கலவை. இல்ஃபோர்டின் ஐடி-11 ஏறத்தாழ அதுவேதான். உங்கள் ஃபிலிமுக்கு ஐடி-11 கணக்குப்படி, பொடியைக் கரைத்த ஸ்டாக் கரைசலை மேலும் தண்ணீர் கலக்காமல் அப்படியே பயன்படுத்தினால் 20 டிகிரி செல்சியஸில் ஏழரை நிமிடம். சம அளவு தண்ணீர் கலந்தால் 13 நிமிடம். இந்த 13 நிமிடமே 24 டிகிரியில் ஏறத்தாழ 9 நிமிடமாகும். ஆகவே 20-க்கு இறக்கப் போராடாமல், பாட்டில்களை ஐஸ் கட்டி போட்ட அகலமான பேசினில் நிறுத்தி 24 டிகிரிக்குக் கொண்டுவந்து, 1+1 கலவையில் கழுவுங்கள். ஒருமுறை பயன்படுத்தியதைக் கொட்டிவிடுங்கள். நல்ல தெர்மாமீட்டருக்குச் செலவு செய்யத் தயங்க வேண்டாம்.

பதில் – ராணிப்பேட்டையிலிருந்து

மேலே சொன்ன கணக்கு சரி. முடிவில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. டி-76 பொடியை 50 டிகிரிக்கு மேற்பட்ட வெந்நீரில் கரைத்து, ஆறவைத்து, பாட்டிலின் வாய் வரை நிரப்பி மூடினால் ஆறு மாதம் தாங்கும். பாதி காலியான பாட்டிலில் இரண்டு மாதம்தான். மாதம் ஓரிரு சுருள் கழுவுபவர் கையில் பெரும்பகுதி வீணாகும். திரவமாக வரும் எச்சி-110-ஐ வேண்டும்போது வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பலரும் சொல்லும் 1+31 கலவை (ஒரு பங்கு டெவலப்பருக்கு 31 பங்கு தண்ணீர்) நமக்கு உதவாது. எச்பி5 பிளஸ்ஸுக்கு அது 20 டிகிரியிலேயே 5 நிமிடம்தான். தண்ணீரை இரட்டிப்பாக்கி 1+63 என்று கலந்தால் நேரமும் இரட்டிப்பாகி 10 நிமிடமாகும். 24 டிகிரியில் 7 நிமிடம் கிடைக்கும்.

ரோடினால் 1891-இல் வந்தது; திறந்த பாட்டிலிலும் ஆண்டுக்கணக்கில் கெடாது. எனினும் எச்பி5 பிளஸ் போன்ற 400 வேக (ஐ.எஸ்.ஓ. 400) ஃபிலிமில் துகளை முரடாகக் காட்டும். தண்ணீர் தாராளமாகக் கலந்து, ஒரு மணி நேரம் அசைக்காமல் ஊறவிடும் முறையை நம் கோடையில் நான் பரிந்துரைக்க மாட்டேன். அவ்வளவு நேரத்தில் டேங்கு அறையின் சூட்டுக்கே போய்விடும்.

பதில் – குடியாத்தத்திலிருந்து

ஸ்டுடியோ டார்க் ரூமில் வேலை பார்த்தவன் என்ற முறையில் தண்ணீரைப் பற்றிச் சொல்கிறேன். பாலாற்றுப் பக்கத்துப் போர்வெல் தண்ணீர் பல இடங்களில் கடினமானது. கழுவிய ஃபிலிமைக் கொடியில் தொங்கவிட்டபின் அதில் நிற்கும் ஒரு துளி, காயும்போது விளிம்பில் சுண்ணாம்பு வளையத்தை விட்டுச் செல்லும். வானம் உள்ள படத்தில் அது பிரிண்ட் வரைக்கும் வரும். கரைசல் கலக்கவும் கடைசி அலசலுக்கும் டிஸ்டில்டு வாட்டர் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி அலசலில், தண்ணீர் துளியாக நிற்காமல் வழிந்தோடச் செய்யும் வெட்டிங் ஏஜென்ட் சில துளிகள் போதும். இடைப்பட்ட அலசலுக்குக் குழாய்த் தண்ணீரே போதும், ஆனால் அதையும் முன்கூட்டியே பக்கெட்டில் பிடித்து ஆறவையுங்கள். டெவலப்பருக்குப் பின் படத்தை நிலைப்படுத்தும் ஃபிக்ஸரும் அதே 24 டிகிரியில் இருக்கட்டும். குளிர்ந்த கரைசலிலிருந்து சுடுதண்ணீருக்குப் போனால் ஃபிலிமின் மேற்பூச்சான ஜெலட்டின் ஊதி மென்மையாகும், நகம் பட்டாலே கீறும். அந்தக் காலத்தில் வெப்ப நாடுகளுக்கென்று வந்த டெவலப்பர்களில் சோடியம் சல்ஃபேட் சேர்த்ததே ஜெலட்டின் ஊதாமலிருக்கத்தான்; 24 டிகிரியில் கழுவும்வரை அது தேவைப்படாது.

கேட்டவர் – காட்பாடி

மூவருக்கும் நன்றி. எச்சி-110 வாங்குகிறேன். இன்னொரு ஐயம்: மண்டபத்துக்குள் இருட்டு, வெளிமுற்றத்தில் கண் கூசும் வெயில். இரண்டையும் ஒரே சட்டகத்தில் பிடிக்க டெவலப்பரால் ஏதும் செய்ய இயலுமா?

பதில் – ராணிப்பேட்டையிலிருந்து

ஓரளவு இயலும். 400 வேக ஃபிலிமை ஐ.எஸ்.ஓ. 200 என்று வைத்து, தூணின் நிழற்பக்கத்துச் செதுக்கலில் விவரம் கிடைக்கும்படி அளந்து எடுங்கள். பிறகு கழுவும் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் குறையுங்கள். நிழலுக்குரியதை எக்ஸ்போஷரே கொடுத்துவிடும். நேரம் குறைந்ததால் முற்றத்து வெளிச்சம் நெகட்டிவில் கெட்டியாகிப் பிரிண்டில் வெளுத்துப் போகாது. 7 நிமிடம் ஐந்தரையாகும், 5-க்கு மேல் நிற்பதால் திட்டு விழும் பயமும் இல்லை. அந்தச் சுருள் முழுவதையும் மண்டபத்திலேயே எடுத்து முடியுங்கள்; வேறு வெளிச்சத்தில் எடுத்த படங்கள் அதில் கலந்தால் அவை மங்கலாகிவிடும்.